டர்பனில் பறவைக் குரல் பதிந்த ஐந்து வருடம்

இந்த ரெக்கார்டரை 2020 நவம்பரில் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு, முகப்பில் குறுக்காகப் பொருத்திய இரண்டு மைக், இரண்டு ஏஏ பேட்டரி. கம்பெனி பெயர் முக்கியமில்லை; இந்த விலையில் வருகிற எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்ளும். ஐந்து வருடமாக வாரத்துக்கு இரண்டு நாளாவது கையில் எடுக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லை, பக்கத்துச் சில்வர்கிளென் காடு, கிளென்வுட்டில் இருக்கும் பிஜன் வேலி என்ற காடு, உம்கேனி ஆற்று முகத்துவாரம். இவைதான் என் இடங்கள்.

முதல் வாரம் பதிந்ததில் பாதிக்கு மேல் வெறும் காற்று. கூடவே வந்த ஸ்பாஞ்ச் உறை வீட்டுக்குள் பேசுவதைப் பதியத்தான் லாயக்கு. கடலோரக் காற்றுக்கு முன் அது நிற்காது. மனைவி பொம்மை தைக்கும் ரோமத்துணியில் ஒரு குல்லாய் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: விலை கூடிய மைக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் நல்ல ரோம உறைக்கு வழி பாருங்கள். நூறு ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டும் லோ கட் பொத்தான் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். குருவிகள் அவ்வளவு கீழே பாடுவதில்லை, லாரி மட்டும்தான் பாடும்.

அப்புறம் கை. விரல் லேசாக நகர்ந்தாலும் பதிவில் கல் உருள்வது போலக் கேட்கும். ஒரு சாண் உயரச் சின்ன முக்காலி வாங்கி, ரெக்கார்டரை அதில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.

கொல்லையில் பதிந்தபோது இன்னொரு தொல்லை. பதிவு முழுக்க நொடிக்கு ஒன்றாக 'டிக்... டிக்' என்று ஒரு சத்தம். மெமரி கார்டை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், போகவில்லை. மூன்றாம் நாள் ஹெட்போனோடு மதில் ஓரமாக நடந்தபோதுதான் பிடிபட்டது: பக்கத்து வீட்டு மின்வேலி. இத்தனை வருடம் அதன் கீழேயே துணி காயப்போட்டிருக்கிறேன், ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. 2022, 2023இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது எல்லாரும் அலுத்துக்கொண்டார்கள், நானும்தான். ஆனால் விடியற்காலையில் கரண்ட் போனால் நான் வாசலுக்கு ஓடுவேன். ஃபிரிட்ஜ் இரைச்சல் இல்லை, நீச்சல்குளப் பம்ப் இல்லை. யாராவது ஜெனரேட்டரைப் போடும் வரை அந்தச் சில நிமிடங்களில் கிடைத்த, பக்கி என்னும் இரவுப் பறவையின் குரலைப் போல இன்னொன்று என்னிடம் இல்லை. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். நான்கு மணிக்கே எழ வேண்டும். வெயில் ஏறினால் சில்வண்டு எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒலி அளவை எப்போதும் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். ஒருநாள் தூரத்துப் புதரில் மெல்லப் பாடிய குருவிக்காக ஏற்றி வைத்திருந்தேன். கூரைக்கு மேலிருந்து ஹடீடா ஒன்று கிளம்பியது. நம் ஊர் அரிவாள் மூக்கனின் உறவு, ஆனால் தொண்டை பத்து மடங்கு. பதிவு அந்த இடத்தில் கிழிந்துபோயிற்று. கிழிந்த ஒலியை எந்த மென்பொருளாலும் பழையபடி முழுதாகத் தைக்க முடியாது. இப்போது உச்ச அளவு மைனஸ் பன்னிரண்டு டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிபி ஆகும். எம்பி3 வேண்டாம்.

மூன்றாம் வருடம் ஆசைப்பட்டு அரை மீட்டர் அகலத்தில், ஒலியைக் குவித்து மைக்குக்குத் தரும் பரவளையத் தட்டு ஒன்று வாங்கினேன். மரத்து உச்சியில் இருக்கும் குருவியைப் பக்கத்துக் கிளைக்கே கொண்டுவந்துவிடும். ஆனால் அடித்தொண்டைக் குரலுக்கு அது உதவாது. ஒலி அலையின் நீளம் தட்டின் அகலத்தைத் தாண்டும்போது குவியாது. இந்தத் தட்டுக்கு அந்த எல்லை எழுநூறு ஹெர்ட்ஸ் பக்கம். இங்கே செம்போத்தின் உறவுக்காரப் பறவை ஒன்று உண்டு, பாட்டிலிலிருந்து தண்ணீர் கவிழ்வது போல 'குபு குபு' என்று இறங்கும் குரல். அது கேட்டால் பக்கத்து வீட்டு ஆயா, "மழைக்குருவி கத்துது, துணிய எடுத்துடுப்பா" என்பார். தட்டில் பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். "இது நம்ம குருவி இல்லையே, சளி பிடிச்ச மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்னது சரிதான். அதற்கு மட்டும் தட்டை விட்டுவிட்டு வெறும் ரெக்கார்டரோடுதான் போகிறேன்.

பழுது என்று பார்த்தால் உப்புக்காற்றுதான். இரண்டாம் வருடமே பேட்டரி முனைகளில் பச்சை பூத்தது. நான்காம் வருடம் ஸ்பாஞ்ச் உறை பிசுபிசுத்து உதிர்ந்தது. இப்போது சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கிறேன். இன்னொரு குறை: பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் கடிகாரம் பழைய தேதிக்கே போய்விடும். கோப்பில் தேதி தப்பாகப் பதிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் என் குரலில் தேதி, நேரம், இடம் மூன்றையும் சொல்லி நிறுத்துவது பழக்கமாயிற்று.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு காதையும் ஹெட்போனால் மூடிக்கொண்டு காட்டில் நிற்காதீர்கள். இந்த ஊரில் அது நல்லதில்லை. நான் ஒரு நண்பரோடுதான் போகிறேன். பதிந்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது எதிரி வந்துவிட்டதாக நினைத்து அலையும்.

இவ்வளவு குறைக்குப் பிறகும் இதே ரெக்கார்டரைத்தான் வைத்திருக்கிறேன். கைப்பேசியில் பதிந்தால் செவிக்குப் போதும். ஆனால் 2005இலிருந்து உலகமெங்கும் உள்ளவர்கள் பறவைக் குரல்களை ஏற்றிவரும் சீனோ-காண்டோ தொகுப்பில் சேர்க்க நினைத்தால் இது தேவை. அங்கே ஏற்றும்போது 'பறவையைப் பார்த்தீர்களா' என்று ஒரு கேள்வி வரும். என் கோப்புகளில் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில்.

போன மாதம் பழைய பதிவுகளை ஏற்ற உட்கார்ந்தேன். ஒன்றுக்குச் 'செம்மார்புக் குயில்' என்று பெயர் வைத்திருந்தேன். மூன்று சுரம் இறங்கும் குரல், நம் அக்காக்குயிலைப் போலவே ஓயாமல் கூவும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலியும் அதே பெயரைத்தான் சொன்னது. கோப்பின் தேதி கடிகாரக் கோளாறால் உருப்படியாக இல்லை. முடிவு வரை கேட்டேன். என் குரல்: "ஆகஸ்ட் இருபத்தொன்று, காலை ஆறேகால், பிஜன் வேலி."

அந்தக் குயில் வடக்கே போய்விட்டுச் செப்டம்பர் கடைசியில்தான் திரும்பும். மறுபடி ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். நான்கு முறை குயிலாகக் கூவிவிட்டு, மூச்சு விடாமல் வேறு ஏதோ ஒரு சீட்டிக்குத் தாவுகிறது. குயில் என்றால் அதையேதான் நிமிடக்கணக்கில் கூவும். இது நேட்டால் ராபின், புதர் நிழலை விட்டு வெளியே வராத ஆரஞ்சுக் குருவி. ஊரிலுள்ள பறவைகளின் குரலையெல்லாம் கற்றுவைத்திருக்கும். சந்தேகம் வந்து மற்ற குயில் பதிவுகளையும் கேட்டேன். இதுவரை ஆறு கோப்புக்குப் பெயர் மாற்றியாயிற்று. இன்னும் 2021 முழுக்கக் கேட்க வேண்டியிருக்கிறது.