இருவர் அறை என்று விற்று நால்வரை ஏற்றிய கப்பல் பயணம்: ஓர் எச்சரிக்கை

தீபாவளி முடிந்த கையோடு நம் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் "சிங்கப்பூர் சொகுசுக் கப்பல், தை மாதச் சிறப்புச் சலுகை, விமானம் உட்பட" என்று ஒரு விளம்பரம் சுற்றத் தொடங்கிவிடும். அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்து, நேரில் போய் விசாரித்து, ரசீது வாங்கிப் பணம் கட்டி, 2025 ஜனவரியில் பொங்கல் கழிந்ததும் நானும் என் தோழியும் கப்பலேறினோம். நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் அரசு மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கப்பல் நிறுவனத்தின் மீது எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஏமாற்றியவர் இங்கே நம் ஊரில் மாடி அறை ஒன்றில் அலுவலகம் வைத்திருக்கும் பயண ஏஜென்ட். வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அவர் பெயரையும் கடைப் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் கையாண்ட வழியை எழுதத் தடையில்லை.

சொல்லப்பட்டது இதுதான். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம், பால்கனி கேபின் (கப்பல் அறை), ட்வின் ஷேரிங் (ஓர் அறைக்கு இருவர் மட்டும்), திருவனந்தபுரத்திலிருந்து விமானம், கப்பலில் எல்லாச் செலவும் அடக்கம், ஆளுக்கு 74,500 ரூபாய். இந்தத் தொகையைக் கேட்டதுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. புத்தாண்டு விடுமுறைக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் கூட்டம் குறைவதால் கப்பல் கட்டணம் உண்மையிலேயே இறங்கும். பாக்கித் தொகையைக் கட்ட வேண்டிய கடைசி நாள் கடந்த பிறகும் விற்காத கேபின்களைக் காலியாகக் கொண்டுபோவதைவிடக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஆகவே சலுகை என்பது பொய்யன்று. அந்தச் சலுகை யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

முதல் மாற்றம் விமானத்தில் வந்தது. பயணத்துக்குச் சில நாள் முன்பு அனுப்பிய டிக்கெட்டில் திருவனந்தபுரத்துக்குப் பதிலாகச் சென்னை என்று இருந்தது. நாகர்கோவில் வழியாகக் காரில் போனால் மூன்று நான்கு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய விமான நிலையத்தை விட்டுவிட்டு, காணும் பொங்கல் முடிந்து தென்மாவட்டமே சென்னைக்குத் திரும்புகிற வார இறுதியில் நாங்கள் சென்னை போய்ச் சேர வேண்டும். அந்த நாள்களின் நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட், முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோவது ஊரறிந்த விஷயம். ஏஜென்டைக் கேட்டதற்கு, "ஒண்ணும் யோசிக்காதீங்கம்மா, ஆம்னி பஸ்ஸுல போயிரலாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பார்த்துக்கொண்டது என்னவோ நாங்கள்தான். பொங்கல் நேரத்து ஆம்னி பஸ் கட்டணத்தைக் கொடுத்து, இரவெல்லாம் உட்கார்ந்தே போனோம். மறுநாள் இரவு விமானம். காலையில் சிங்கப்பூரில் இறங்கினால் அன்று மாலையே கப்பல் புறப்பாடு. விமானம் தாமதமாகியிருந்தால் கப்பல் நமக்காக நிற்காது. விமானத்தையும் கப்பலையும் அவர் தனித்தனியாகப் பதிவு செய்திருந்ததால் இரண்டில் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. நல்லவேளையாக விமானம் நேரத்துக்குச் சேர்ந்தது.

மெரினா பே கப்பல் முனையத்தில் வரிசையில் நின்று கவுண்ட்டரை அடைந்தபோதுதான் உண்மை வெளிவந்தது. எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்த பெண், "உங்களோடு வரும் மற்ற இருவர் எங்கே?" என்று கேட்டார். எங்களோடு யாரும் இல்லை என்றோம். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரே முன்பதிவு எண்ணின் கீழ் நான்கு பெயர்கள். அதில் முதல் இரண்டும் எங்களுக்குத் தெரியாதவை. சற்று நேரத்தில் பின்வரிசையிலிருந்து அதே பெயர்களுக்குரிய இரு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கோவில்பட்டியைச் சேர்ந்த அக்காளும் தங்கையும். அதே ஏஜென்ட், அதே 74,500, அதே ட்வின் ஷேரிங். நால்வர் கையிலும் ஒரே அறை எண் போட்ட அட்டை கொடுக்கப்பட்டது.

அறை பால்கனி அறை அல்ல; ஜன்னலே இல்லாத உள்பக்கத்து கேபின். கீழே இரண்டு கட்டில்கள், அவற்றுக்கு மேலே சுவரோடு மடித்து வைத்து இரவில் கீழிறக்கும் இரண்டு படுக்கைகள். ரயிலின் அப்பர் பெர்த் போலத்தான், ஆனால் ஏறுவதற்கு ஒரு குறுகலான உலோக ஏணியைச் சாய்த்து மாட்ட வேண்டும். அதை மாட்டிவிட்டால் குளியலறைக் கதவைப் பாதிதான் திறக்க முடியும். நால்வரின் பெட்டிகளையும் வைத்தபின் ஒருவர் நடந்தால் மற்ற மூவரும் கட்டிலில் ஏறி உட்கார வேண்டியிருந்தது. பதிவின்படி கீழ்க்கட்டில்கள் அந்த இருவருக்கும், மேல்படுக்கைகள் எங்களுக்கும் உரியவை. என் தோழிக்கு ஒரு முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஏணியைப் பார்த்துவிட்டு, "யக்கா, ஏணி ஏறுததுக்கா எனக்கு முட்டு மாத்திவிட்டாவ?" என்று கேட்டாள். கோவில்பட்டித் தங்கை மறுபேச்சில்லாமல் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டார். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் பெருந்தன்மையால்தான் நாங்கள் அந்தப் பயணத்தை முடித்தோம். ஏஜென்ட் விற்ற பொருளில் அது சேராது.

கப்பலின் விருந்தினர் சேவை மேசையில் முறையிட்டோம். கப்பல் நிறைந்துவிட்டதாகவும், ஏஜென்ட் வழியாக வந்த பதிவை அவர் வழியாகத்தான் மாற்ற முடியும் என்றும் மரியாதையாகச் சொன்னார்கள். ஏஜென்டின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

இதில் பணம் எப்படிப் பண்ணப்படுகிறது என்பதை அந்த மேசையில் இருந்தவர் சொன்னதிலிருந்தும் பிறகு விசாரித்ததிலிருந்தும் புரிந்துகொண்டோம். கப்பலில் ஒரு கேபினுக்கான கட்டணம் முதல் இருவர் மீதே கணக்கிடப்படுகிறது. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாக ஏறுபவருக்குக் கட்டணம் வெகுவாகக் குறையும். சலுகைக் காலங்களில் துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டும் கட்டினால் போதும் என்றுகூட நிறுவனங்கள் அறிவிப்பதுண்டு. குழந்தைகளோடு வரும் குடும்பங்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. எங்கள் ஏஜென்ட் ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஜோடிகளை ஒரே குடும்பம் போலப் பதிவு செய்து, நால்வரிடமும் முதல் இருவருக்குரிய கட்டணத்தை வாங்கி, பின்னிருவருக்கான வித்தியாசத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒரு கேபினுக்கு எங்களிடமிருந்து அவர் திரட்டியது 2,98,000 ரூபாய். எங்களுக்குக் கொடுத்த உறுதிச்சீட்டு அவருடைய லெட்டர்ஹெட்டில் அச்சடித்தது. கப்பல் நிறுவனத்தின் பதிவுத்தாளைக் கேட்டபோதெல்லாம் "அது சிஸ்டத்துல இருக்கும்மா" என்ற பதிலே கிடைத்தது. அந்தத் தாளில் நான்கு பெயர்கள் இருப்பதால்தான் அதைக் காட்டவில்லை என்பது இப்போது விளங்குகிறது.

கட்டணத்துக்கு மேல் "மூன்று நாட்டு விசா" என்று ஆளுக்கு 9,000 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார். சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். அதன் விண்ணப்பக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். நாங்கள் போன நேரத்தில், மலேசியா 2023 டிசம்பர் முதலும், தாய்லாந்து அதற்கு முந்தைய மாதத்திலிருந்தும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளை விசா இல்லாமலே அனுமதித்து வந்தன. மலேசியாவுக்கான டிஜிட்டல் வருகை அட்டையும் சிங்கப்பூர் வருகை அட்டையும் இணையத்தில் இலவசமாக நிரப்பக்கூடியவை. எடுக்காத இரண்டு விசாக்களுக்கு நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம்.

ரசீதில் இன்னொரு வரி இருந்தது: டிசிஎஸ் 3,725 ரூபாய். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் அப்போதைய விகிதப்படி 5 சதவீதத்தை முன்வரியாக வசூலித்து, வாங்குபவரின் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். அது, நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். அவர் எங்கள் பான் எண்ணைக் கேட்கவே இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு மே 15க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் அதுவரை பொறுத்திருந்து பார்த்தேன். எங்கள் இருவர் படிவத்திலும் அப்படி ஒரு தொகை ஏறவில்லை. வரி என்ற பெயரில் வாங்கிய பணமும் அவரிடமே தங்கிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லாச் செலவும் அடக்கம் என்றதன் லட்சணம் கடைசி இரவில் தெரிந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வோர் இரவுக்கும் இவ்வளவு என்று கப்பலில் சேவைக் கட்டணம் போடுகிறார்கள். முன்கூட்டிக் கட்டாவிட்டால் அது நம் கணக்கில் தானே ஏறிக்கொண்டு வரும். எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது. உழைத்த பணியாளர்களுக்குப் போகும் தொகை என்பதால் கொடுப்பதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறேன் என்று ஏஜென்ட் எழுதியே கொடுத்திருந்தார். புறப்படுவதற்கு முன் எல்லோரும் எங்களைப் பயமுறுத்தியது கடலைப் பற்றித்தான். மலாக்கா நீரிணையோ எங்கள் போக்குவரத்து முழுவதிலும் குளம்போலக் கிடந்தது.

இப்படிப் பயணம் போக நினைப்பவர்கள், முன்பணம் கட்டும்போதே கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணையும், கேபின் வகையையும், அந்த கேபினில் பதிவாகியிருக்கும் எல்லாப் பெயர்களையும் காட்டும் தாளைக் கேட்டு வாங்குங்கள். எண் கைக்கு வந்ததும் நிறுவனத்தின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ நீங்களே சரிபாருங்கள். பான் எண் கேட்காமல் டிசிஎஸ் வாங்குபவரிடம் பணம் கட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள். எங்களிடம் பாதித் தொகையை ஜிபேயில் ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். கடையின் கணக்குக்கு மட்டுமே அனுப்புவேன் என்று சொல்லிவிடுங்கள். விமானம் எந்த ஊரிலிருந்து, எந்த நாளில் போய்ச் சேருகிறது என்பது ரசீதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே போய்ச் சேருவது நல்லது, ஓர் இரவு விடுதிச் செலவு கூடினாலும்.

ஊர் திரும்பியதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தோம். ஏஜென்ட் தரப்பில், உறுதிச்சீட்டின் பின்பக்கத்தில் "அறை வகையும் பகிர்வும் மாறுதலுக்கு உட்பட்டவை" என்று அச்சிட்டிருப்பதாகப் பதில் வந்தது. அந்தச் சீட்டைப் புறப்படுவதற்கு முந்தைய இரவுதான் எங்களுக்கு அனுப்பினார். வக்கீல் நோட்டீஸுக்குப் பிறகு, விசாவுக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தருகிறேன், மற்றதை விட்டுவிடுங்கள் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார், மறுத்துவிட்டோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் திருநெல்வேலியிலும், கோவில்பட்டிச் சகோதரிகள் தூத்துக்குடியிலும் தாக்கல் செய்திருக்கிறோம். வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, ஒரே எண் போட்ட நான்கு அறை அட்டைகளின் புகைப்படம், ஏணியோடு எடுத்த அறையின் படம் ஆகியவை இரண்டு வழக்கிலும் இணைக்கப்பட்டுள்ளன.

அதே விளம்பரம், விலையை மட்டும் மாற்றிக்கொண்டு, "இருவர் அறை" என்ற சொற்களோடு மறுபடியும் சுற்றிவருகிறது. வரும் தைப் பயணத்துக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் இன்றைக்கே பதிவு எண்ணைக் கேட்டு, கப்பல் நிறுவனத்திடம் உங்கள் அறையில் எத்தனை பெயர் என்று விசாரித்துவிடுங்கள். பாக்கி கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முன்பானால், ரத்துச் செய்தாலும் கப்பல் கட்டணத்தில் முன்பணம் போக மீதி பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். அந்த நாள் கடந்துவிட்டால் பிடித்தம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.