அரோகேரியா மரமா, சன் கான்யூர் கிளியா?

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது குமரி மாவட்டத்து வீடுகள் பலவற்றில், கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரிக்கத் தொட்டியில் வளரும் அரோகேரியா மரத்தை வாங்குவதா, பிள்ளைகள் ஆசைப்படும் சன் கான்யூர் கிளியை வாங்குவதா என்ற தயக்கம் எழுகிறது.

செலவு: மரத்திற்கு ஒருமுறை விலை கொடுத்தபின் தொட்டியும் உரமும் போதும். கிளிக்கோ கூண்டு, பழம், தானியம், மருத்துவம் என்று செலவு தொடரும்.

ஆயுள்: மரம் நம் காலத்திற்குப் பிறகும் நிற்கும். கிளி 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடும் என்பதால், பிள்ளை படிப்புக்காக வெளியூர் சென்றபின் அதைக் கவனிப்பவர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

பராமரிப்பு: அரோகேரியாவில் நார்போக் தீவு வகை உப்புக்காற்றைத் தாங்குவதால் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களுக்கும் ஏற்றது, நுனிக்குருத்தை வெட்டினால் மட்டும் அதன் அடுக்கடுக்கான வடிவம் கெட்டுவிடும். கிளியின் கூச்சல் அடுத்த வீடுவரை கேட்கும்; தனிமையில் விட்டால் அது தன் இறகையே பிடுங்கிக்கொள்ளக்கூடும்; அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகைகூட அதைக் கொன்றுவிடும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இவ்வினத்தை வளர்ப்போர், மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதன் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்வதும் கட்டாயம்.

பகல் முழுவதும் பூட்டிக்கிடக்கும் வீட்டிற்கு மரமே சரி. எப்போதும் ஆளிருந்து, இத்தனை ஆண்டுப் பொறுப்பை மனமுவந்து ஏற்கும் குடும்பம் மட்டுமே கிளியைப் பற்றி யோசிக்கலாம்.