வெளிநாட்டுக்கு ஃபீஸ் கட்ட: வங்கியா, மணி சேஞ்சரா, யுபிஐயா?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கும் வீடுகள் இப்போது நிறைய. செமஸ்டர் ஃபீஸ் கட்டும் நேரத்தில் பலரும் கமிஷன் எவ்வளவு என்று மட்டும் விசாரிக்கிறார்கள். காசு போவது ரேட்டில்.

5,000 டாலர் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் கமிஷன் 500 ரூபாய், இன்னோரிடத்தில் 1,000. குறைந்த கமிஷன்காரர் டாலருக்கு ஒரு ரூபாய் ஏற்றிப் போட்டால் 5,000 ரூபாய் போச்சு. அதனால் எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "காலேஜுக்கு முழுசா 5,000 டாலர் போய்ச் சேர, என் கணக்கில் மொத்தம் எவ்வளவு எடுப்பீங்க?" இரண்டு இடத்திலும் ஒரே நாள், ஒரே நேரத்தில் கேளுங்கள். ரேட் மணிக்கு மணி மாறும்.

வங்கியில் சாதாரணமாக அன்றைய கார்டு ரேட்டைத்தான், அதாவது அன்றைக்கு எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கும் ரேட்டைத்தான், போடுவார்கள். தொகை பெரிதென்றால் மேனேஜரிடம் ரேட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். சில பைசாவாவது இறங்க வாய்ப்புண்டு. தெருமுனைக் கிளையைவிட, ராஜாஜி சாலைப் பக்கம் அந்நியச் செலாவணிப் பிரிவு உள்ள பெரிய கிளையில் வேலை சுளுவாக முடியும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவத்தில், வழியில் உள்ள வெளிநாட்டு வங்கியின் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு கட்டம் இருக்கும். அனுப்புபவரே ஏற்பதாகக் குறியுங்கள். இல்லாவிட்டால் இருபது முப்பது டாலர் வழியிலேயே பிடிபட்டு, ஃபீஸ் பாக்கி என்று காலேஜ் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும்.

பாரிமுனை, மண்ணடி மணி சேஞ்சர்களிடம் பேரம் பேசலாம். ரேட் பல நேரம் வங்கியைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் நோட்டு மாற்றித்தர உரிமம் இருந்தால் போதாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும். அதைப் பாருங்கள். பணத்தைக் கணக்கிலிருந்தே கொடுத்து, பணம் வங்கி வழியாக அனுப்பப்பட்டதற்குச் சான்றான ஸ்விஃப்ட் நகலைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

பிள்ளை சிங்கப்பூரில் இருந்தால் மாதச் செலவுக்கு யுபிஐ போதும். 2023 பிப்ரவரியில் யுபிஐ போலவே அங்குள்ள பேநவ் வசதியுடன் இணைத்தார்கள்; ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை அனுப்பலாம். இந்தியன் வங்கி, ஐஓபி கணக்கிலிருந்தும் போகும். ஃபீஸுக்கு இது சரிப்படாது.

ஜிஎஸ்டி எங்கே போனாலும் உண்டு. நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வங்கிக் கல்விக் கடனில் கட்டும் ஃபீஸுக்கு அது கிடையாது. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், ஃபீஸுக்கு வங்கிதான். காலேஜ் பணத்தைத் திருப்பினாலும், வழியில் சிக்கினாலும், கிளையில் போய் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறார்.

நல்ல ரேட் என்று யாராவது உண்டியலில், அதாவது ஹவாலாவில், அனுப்பச் சொன்னால் வேண்டவே வேண்டாம். ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அனுப்பிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விழலாம். பணம் போய்ச் சேராவிட்டால் புகார் கொடுக்க ஒரு ரசீதுகூட கையில் இருக்காது.