பழைய 188, புதிய 223: அக்கரையில் தடையுத்தரவை மீறினால்

சென்னையில் படிக்கும் மருமகன் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எனக்குப் போன் எடுத்தான். "மாமா, இங்க தடையுத்தரவு போட்டிருக்கினம். மீறினா 188 தானே, ஒரு மாசம்தானே?"

இல்லை தம்பி, அது பழைய கணக்கு.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், 188ஆம் பிரிவின்படி சாதாரண மீறலுக்கு ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 200 ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். உயிராபத்தோ கலவரமோ வரக்கூடியதென்றால் ஆறு மாதம், 1,000 ரூபா. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சங்கிதையின் 223ஆம் பிரிவில் சாதாரண மீறலுக்கே ஆறு மாதம், 2,500 ரூபா. ஆபத்தும் சேர்ந்தால் ஓராண்டு, 5,000 ரூபா. அந்த 200 ரூபாவுக்கு இப்போது யார் பயப்படுவார்கள், சொல்லுங்கள்!

ஆனால் பலர் கவனிக்காத இடம் வேறு. உத்தரவு இருப்பது தெரிந்தே மீறியிருக்க வேண்டும். அந்த மீறலால் இடையூறோ ஆபத்தோ வந்திருக்க வேண்டும், அல்லது வரக்கூடியதாக இருக்க வேண்டும். அதோடு, உரிய அரச அலுவலரோ அவரது மேலதிகாரியோ எழுத்தில் முறையிடாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியாது. இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 195ஆம் பிரிவு, புதியதில் 215ஆம் பிரிவு. புதியதில் அந்த அலுவலர் அதிகாரம் அளித்த வேறோர் அரச அலுவலரும் முறையிடலாம்.

தடையுத்தரவு போடுவதற்கான 144ஆம் பிரிவும் புதிய நடைமுறைச் சட்டத்தில் இப்போது 163. அங்கே நிர்வாக நடுவர் போடும் உத்தரவு பொதுவாக இரண்டு மாதம் வரை நிற்கும். இங்கே திருகோணமலையில் நீதவான் இலங்கைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் கொடுப்பது வழக்கமாக 14 நாள்தான்.

சரி, எந்தச் சட்டம் பொருந்தும்? மீறிய திகதியைப் பாருங்கள். 2024 ஜூலைக்கு முந்தியதென்றால் 188தான்.