வாக்குத்தத்தப் பெட்டி: வாங்குங்கள், பக்கத்தில் வேதாகமத்தையும் வையுங்கள்

மதுரை நரிமேட்டுப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இந்தப் பெட்டியை 150 ரூபாய்க்கு வாங்கினேன். ரொட்டி வடிவில் சின்ன பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நெருக்கமாக அடுக்கிய அட்டைகள், ஒவ்வொன்றிலும் தேவன் தரும் வாக்காக ஒரு வேதாகம வசனம். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்காக வாங்கியது. பசுமலை வீட்டில் இரவு குடும்ப ஜெபத்தின்போது, அசைகிற இடது கையால் அம்மா ஓர் அட்டையை எடுப்பார். நான் வாசிப்பேன்.

அட்டை நல்ல தடிமன், சித்திரை வெயிலிலும் சுருளவில்லை. ஓரத்தில் பூசிய தங்க நிறம்தான் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. எழுத்து ரொம்பப் பொடி, வயதானவர்கள் தாங்களே வாசிப்பது கஷ்டம். ஆனால் எந்தப் புத்தகம், எந்த அதிகாரம் என்று எல்லா அட்டையிலும் போட்டிருக்கிறார்கள். அதற்காகவே இதை வாங்கலாம்.

என் குறை, வசனங்களை நறுக்கியிருக்கும் விதத்தில்தான். யோவான் 16:33 அட்டையில் "திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" என்று மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னால் "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று இயேசு சொன்னதைக் காணோம். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த முதல் பாதிதான் அதிகம் தேவைப்படுகிறது. கஷ்டம் வரும் என்று மறைக்காமல் சொன்னவர் என்பதால்தான் மற்றதையும் நம்ப முடிகிறது.

உங்களைப் பற்றிய நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 அட்டையும் அப்படித்தான். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கான வாக்காக அந்த வசனம் கிடைத்தால் எங்கள் சபையில் எல்லோருக்கும் சந்தோஷம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்று முந்தைய வசனத்திலேயே இருக்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறது கடிதம். அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க முடியாது. ஆனாலும் பாரசீக ராஜா கோரேசின் நாளில் ஜனங்கள் எருசலேமுக்குத் திரும்பினார்கள். கர்த்தர் சொன்னது நடந்தது.

வசனத்தை நறுக்குவதில் ஆபத்தும் இருக்கிறது. தூதர்கள் காப்பார்கள் என்ற சங்கீதம் 91-ஐத்தான், தேவாலயத்து உப்பரிகையிலிருந்து கீழே குதிக்கச் சொல்லி, பிசாசு இயேசுவிடம் எடுத்துச் சொன்னான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டான்.

அப்புறம் ஏசாயா 53:5. "தழும்புகளால் குணமாகிறோம்" என்று அம்மா கையில் அது வந்த இரவில், ஜெபிக்க வந்திருந்த ஒருவர், "விசுவாசம் இருந்தா இந்நேரம் எந்திரிச்சிருப்பாங்க" என்றார். எனக்கு அடக்க முடியாத கோபம். எபிரெயர் 11-ஐத் திறந்து சத்தமாக வாசித்தேன். அதில் வரும் ஆபிரகாமின் கதை ஆதியாகமத்தில் விரிவாக இருக்கிறது: தேவன் சொன்னதை நம்பி 75 வயதில் புறப்பட்டார், 100 வயதில் ஈசாக்கு பிறந்தான். தேசத்தையே தருவேன் என்ற வாக்கு இருந்தும், மனைவி சாராளை அடக்கம் செய்ய 400 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளி கொடுத்து மக்பேலா என்ற இடத்தில் நிலம் வாங்க வேண்டியிருந்தது. வாக்குத்தத்தங்களை அடையாமலே, தூரத்தில் கண்டு நம்பி மரித்தவர்கள் என்றுதான் எபிரெயர் 11 ஆபிரகாம் போன்றவர்களைப் பாராட்டுகிறது. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வது?

அம்மா குழறலாக, "ஏத்தா, சொன்னவரு யாருன்னு பாரு, அது போதும்" என்றார். தேவனுடைய வாக்குகளெல்லாம் கிறிஸ்துவுக்குள் "ஆம்" என்று பவுல் 2 கொரிந்தியர் 1:20-இல் எழுதுவதும் அதுதான். எங்கள் நம்பிக்கை நிற்பது சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவர்மேல். இந்த வருஷம் அம்மாவின் கால் நடக்குமா என்பதன்மேல் அல்ல.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்கினால், எடுத்த அட்டையோடு நிறுத்தாமல் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம், ஜெபம் முடிய அரை மணி நேரம் ஆகிறது. பதிப்பாளர்கள் அடுத்த பதிப்பில் எழுத்தைப் பெரிதாக்கி, யோவான் 16:33-ஐ முழுசாகப் போட்டால் எங்கள் சபையின் பெரியவர்களுக்கும் வாங்கிக் கொடுப்பேன்.