‘1095’ என்று விற்கிற பட்டை: கத்தி செய்யப் பழகுகிறவர்கள் கவனிக்க

ஆன்லைனில் ‘1095 ஹை கார்பன்’ என்று போட்டு இரும்புப் பட்டை விற்கிற ஒருவரிடம் வாங்கி ஏமாந்திருக்கிறேன். வந்தது சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், கார்பன் குறைந்த இரும்பு) பட்டை. விலை மட்டும் அதைப்போலப் பல மடங்கு.

1095 என்பது ஓர் எஃகு ரகத்தின் எண். அதில் கடைசி இரண்டு எண்கள்தான் விஷயம். ஏறக்குறைய 0.95 சதவீதம் கார்பன் என்று அர்த்தம். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் போகிற எம்.எஸ்.ஸில் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை எவ்வளவு பழுக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் ஏறாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பட்டையை அறுத்து, அரம் போட்டு வடிவம் எடுத்து, பிடிக்குத் துளையும் போட்டு, உலையில் சிவக்க வைத்து எண்ணெயில் தோய்த்தேன். கடினம் ஏறியிருந்தால் அரம் பிடிக்காமல் வழுக்கும். எனக்குச் சீவல் சீவலாக உதிர்ந்தது. அடுத்த கத்தியும் அப்படியே. விற்றவரிடம் கேட்டால், “உங்க ஹீட் ட்ரீட்மென்ட் சரியில்ல ப்ரோ” என்கிறார். கெட்டிக்காரத்தனமான பதில், ஏனென்றால் 1095 உண்மையிலேயே படுத்துகிற ரகம். சுமார் 800 டிகிரியிலிருந்து 550-க்குக் கீழே ஒரு விநாடிக்குள் இறங்கியாக வேண்டும். சமையல் எண்ணெய் பல நேரம் அதற்குப் போதாது. புதிதாகப் பழகுகிறவன் தன் கைமேல்தான் சந்தேகப்படுவான். காந்தம் ஒட்டுவதை வீடியோ எடுத்து வேறு அனுப்பினார். காந்தம் எம்.எஸ்.ஸிலும்தான் ஒட்டும்!

மீதித் துண்டை எங்கள் ஊர் அரிவாள் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் சாணையில் வைத்ததுமே, “தம்பி, இது கேட்டு இரும்புப்பா” என்றுவிட்டார். கார்பன் கூடினால் பொறி குட்டையாக, கிளைகிளையாக வெடிக்கும்; இதில் நீளநீளமாக ஓடியதே தவிர வெடிப்பு அதிகம் இல்லை. அப்புறம் விரலகலத் துண்டு ஒன்றைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்தார். நிஜமான 1095 படக்கென்று முறிந்திருக்கும். இது வளைந்துகொண்டே போனது. தண்ணீரில் தோய்த்ததால் ‘எண்ணெய் சரியில்லை’ என்ற சாக்கும் எடுபடாது. நீங்கள் செய்து பார்த்தால் கண்ணுக்குக் கவசம் கட்டாயம். நல்ல எஃகாக இருந்தால் துண்டு தெறிக்கும்.

பட்டை கைக்கு வந்ததும், முதல் கோடு போடும் முன்பே ஓரத்தைச் சாணையில் வைத்துப் பொறியைப் பார்த்துவிடுங்கள்; துண்டு அறுத்து முறித்துப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். அறுத்த சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். பில்லில் ‘ஸ்டீல் பட்டை’ என்றுதான் இருக்கிறது, ரகம் இல்லை. ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், மில் டெஸ்ட் சர்டிபிகேட் (எஃகு ஆலை தரும் சோதனைச் சான்று) கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

இப்போதைக்குப் பட்டறைக்காரரிடமே பழைய லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கிப் பழகுகிறேன். எண்ணெயிலேயே நன்றாகக் கடினம் ஏறுகிறது. ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால் அதிலும் முதலில் ஒரு துண்டை முறித்துப் பார்த்துக்கொள்கிறேன்.