எக்ஸ்ரே படம் எடுக்காமல் ஞானப்பல்லில் கை வைக்க விடாதீர்கள்

வன்னிக்குள் யாராவது கீழ்க் கடைசிக் கொடுப்புப்பல், அதுதான் ஞானப்பல், கழற்றப் போகிறீர்கள் என்றால் போகமுதல் இதை வாசியுங்கள். நான் கழற்றி ஒன்பது கிழமை. வலப்பக்கக் கீழ்ச் சொண்டும் நாடியும் இன்னும் விறைத்துப்போய்த்தான் இருக்கின்றன. தேத்தண்ணி நாடியால் வழிந்தாலும் எனக்குத் தெரிவதில்லை. மகள்தான் துவாயை எடுத்துவந்து துடைக்கிறாள்.

மாசி மாதம், காலபோக அறுவடை நேரம். முரசு வீங்கி வாய் இரண்டு விரலுக்குமேல் திறக்கவில்லை. என் கணவர் வெட்டு மெசினுக்காக வயலில் காவல். நான் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானில் பஸ் ஏறினேன். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் பின்னேரம்வரை வரிசையில் நிற்க வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்துவிடுவாள் என்று யோசித்து, வீதியோரத்துத் தனியார் பல் கிளினிக் ஒன்றுக்குள் ஏறினோம். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முறைப்பாடு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும்.

உள்ளே இருந்தவர் வாயைத் திறக்கச் சொல்லி ரோச் அடித்துப் பார்த்தார். "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ தங்கச்சி, பத்து நிமிச வேலை, ஐயாயிரம்" என்றார். அக்காதான் கேட்டா, "படம் ஒண்டும் எடுக்கத் தேவையில்லையோ டொக்டர்?" "உதுக்கெல்லாம் தேவையில்லை அக்கா, வீண் செலவு." அந்தச் சொல்லை நாங்கள் நம்பினோம். என்ன குளிசை குடிக்கிறேன், ஏதாவது மருந்து ஒத்துவராதா, சீனி வருத்தம், பிரசர் இருக்கிறதா, ஒன்றுமே கேட்கவில்லை. இதய வருத்தத்துக்கு இரத்தத்தை இளக்கும் குளிசை குடிக்கிற எங்கள் அம்மா அந்தக் கதிரையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இப்பவும் பயமாக இருக்கிறது.

விறைப்பு ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. சீழ் வைத்து வீங்கின இடத்தில் ஊசி குறைவாகத்தான் வேலை செய்யுமாம், அதைப் பிறகுதான் அறிந்தேன். மூன்றாவது ஊசியும் போட்டு, குறடால் பிடித்து ஆட்டினார். பத்து நிமிடம் ஒன்றேகால் மணித்தியாலமானது. நடுவில் டக்கென்று ஒரு சத்தம். மின்சாரம் அடித்ததுபோல நாடிவரை ஒரு குத்து ஓடியது. நான் கத்தின கத்தில் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டா. வெளியே வரும்போது, "இது சத்திரசிகிச்சையாப் போச்சு, பதினெட்டாயிரம் வரும்" என்றார்கள். பற்றுச்சீட்டுக் கேட்டோம். புத்தகம் முடிந்துவிட்டதாம். வேர் உடைந்து உள்ளே கிடக்கிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியாகச் சொல்லிவிட்டது இதுதான்: "இரவைக்கே உப்புத்தண்ணியால நல்லா அலசிக் கொப்பளியுங்கோ." நானும் சொன்னபடி நாலைந்து தரம் கொப்பளித்துத் துப்பினேன். செய்யவே கூடாத வேலை அது. பல் கழன்ற குழிக்குள் இரத்தம் உறைந்து ஒரு மூடிபோல இருக்கும், எலும்பைக் காப்பது அதுதான். முதல் 24 மணித்தியாலம் கொப்பளிக்கவோ, பலமாகத் துப்பவோ, ஸ்ட்ரோவால் உறிஞ்சவோ கூடாது. உப்புத்தண்ணி அடுத்த நாள்தான், அதுவும் மெதுவாக. சிகரெட், வெற்றிலை, பாக்கு, புகையிலை பக்கமே போகக்கூடாது. எங்கள் பக்கத்து ஆச்சி பல்லுப் பிடுங்கின கையோடு வெற்றிலைத் தட்டத்தைத் தேடுகிற ஆள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் கூடி, பிறகு வடிய வேண்டும். நோவும் அப்படியே நாளுக்கு நாள் குறைய வேண்டும். எனக்கு மூன்றாம் நாள் சாமம் காதுவரை ஒரு குத்து ஏறியது. பிள்ளை பெற்ற நோவுகூட இப்படி என்னை அழவைக்கவில்லை. வாய் நாறியது. பனடோல் எந்த மூலைக்கும் காணவில்லை. கிளினிக்குக்கு அழைப்பெடுத்தால், "அப்பிடித்தான் இருக்கும், பொறுங்கோ" என்றார்கள். விறைப்பு இன்னும் விடவில்லை என்றேன். அதற்கும் அதே பதில். சாதாரண விறைப்பு ஊசி சில மணித்தியாலத்தில் விட்டுவிடும். அடுத்த நாளும் விடவில்லையென்றால் பொறுத்திருக்கக்கூடாது.

ஐந்தாம் நாள்தான் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பகுதிக்குப் போனேன். முதலே போயிருக்க வேண்டிய இடம். எழுதிவைக்க வேண்டும்: நின்றது இரண்டரை மணித்தியாலம், செலவு பஸ் காசு மட்டும். இளம் டொக்டர் ஒருவர், பேராதனையில் படித்துவிட்டு வந்த பிள்ளை, குழியைக் கழுவி, கராம்பு மணக்கிற மருந்தைத் துணியில் தோய்த்து உள்ளே வைத்தா. கால் மணித்தியாலத்துக்குள் குத்து இறங்கியது. கதிரையில் இருந்தபடியே அழுதுவிட்டேன். இரண்டு நாளைக்கொரு தரம் போய் மருந்து மாற்றினேன்.

பிறகு முழுத் தாடைக்கும் படம் எடுப்பித்து, அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினா. பல் நேரே நிற்கவில்லை, அதற்கு முன்னால் இருக்கிற கொடுப்புப்பல்லை முட்டிக்கொண்டு சரிந்து கிடந்திருக்கிறது. உடைந்த வேர்த்துண்டு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, எலும்புக்குள்ளால் கோடுபோல ஒரு குழாய். அதற்குள் ஓடுகிற நரம்புதான் கீழ்ச் சொண்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுப்பதாம். வேர் அதில் தொட்டபடி இருந்தது. "இதை முதலே பாத்திருந்தா, முரசைக் கீறி, பல்லைத் துண்டாக்கி ஆறுதலா எடுத்திருக்கலாம் அக்கா. அதுக்கும் முதல் வீக்கத்தைக் கழுவிக் குறைச்சிருக்க வேணும்" என்றா. நசிந்த நரம்பு கிழமைக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ மீளலாம், சிலருக்கு மீளாமலும் போகும். மறைக்காமல் சொன்னதற்கு அந்தப் பிள்ளைக்கு நன்றி.

நான் விட்ட பிழை, கழற்றுபவர் யார் என்று கேட்காதது. இலங்கை மருத்துவச் சபையில் பதியாமல் ஒருவர் பல் மருத்துவம் செய்ய முடியாது. ஒவ்வொருவருக்கும் பதிவு இலக்கம் இருக்கும், கேட்பது மரியாதைக் குறைவல்ல. இடத்துக்கும் பதிவு வேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தனியார் மருத்துவ நிலையங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே சுவரில் சாமிப்படமும் கலண்டரும் மட்டும்தான் தொங்கின, நான் அதைக் கவனிக்கவேயில்லை. பற்றுச்சீட்டு இல்லாததால் முறைப்பாட்டோடு கொடுக்க என்னிடம் இருந்தது அக்காவின் சாட்சியும் அந்தப் படமும்தான். பற்றுச்சீட்டை வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

எல்லா ஞானப்பல்லையும் கழற்றவும் தேவையில்லை. நேராக முளைத்து, தொந்தரவு தராமல் இருந்தால் விட்டுவிடலாம். கழற்றத்தான் வேண்டுமென்றால் படம் பார்த்து, நரம்பு எவ்வளவு கிட்ட என்று கேட்டு, சொண்டு விறைக்கும் ஆபத்து உண்டா என்று முன்னமே சொல்லச் சொல்லுங்கள். கழற்றின பிறகு தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

என்னை வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தின கிழமை திகதி. மிச்ச வேரை எடுப்பதா, நரம்புக்குக் கிட்ட இருப்பதால் அப்படியே விடுவதா என்று அன்றைக்குத்தான் சொல்வார்கள். இந்தமுறை படத்தை நானே கையில் கொண்டுபோகிறேன்.